ஒருவனுக்கு மட்டும் வேறு கால்சட்டை

பகலில் பல் செய்கிறேன்.
குவோப்பியோ நகரத்து வாய்களுக்குள்
என் வேலை யார் கண்ணிலும் படாமல் சிரிக்கிறது.
பக்கத்துப் பல்லோடு பல்லாய்க் கரைந்துபோனால் கூலி.
தனியாகத் தெரிந்தால்
மறுவாரம் பொட்டலமாய்த் திரும்பி வரும்.

இரவில் இன்னும் மெல்லிய தூரிகை.
முப்பத்தைந்தில் ஒரு பங்கு ஆட்கள்;
என் கட்டைவிரல்
அவர்களைவிட ஒரு தலை உயரம்.
ஆறு பேர், ஒரு பட்டாணி சூப் அண்டா,
பாதி உருகிய பனி,
பிர்ச் மரத்துக்கு நிஜமான பிர்ச் சுள்ளி.

உடுப்புக்கு நான்கு நிறம்.
வெளிர்பச்சை, அதன்மேல் பச்சை,
பிறகு பழுப்பு,
கடைசியில் கறுப்பு, கஞ்சத்தனமாக.

முதல் ஆளுக்கு அளவு பிசகாமல் போட்டேன்.
துணியில் கையகலத் திட்டு
இங்கே ஒரு கடுகு.
விரலகலத் திட்டு
கசகசாவில் பாதி.
இரண்டு நாடித்துடிப்புக்கு நடுவே ஒரு புள்ளி என்று
ஒரு வாரம்.
முடித்து ஓரடி தள்ளி வைத்துப் பார்த்தால்
சேறு.
ஆளே இல்லை. அண்டா மட்டும் இருந்தது.

குறை சொல்ல முடியாது.
உருமறைப்பு, உருவை மறைத்துவிட்டது.

அடுத்தவனுக்குத் திட்டைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.
கறுப்பில் பச்சை கலந்தேன்;
சின்ன உடம்பில் முழுக்கறுப்பு
துளை விழுந்த மாதிரி இருக்கும்.
மூன்றாமவன் முழங்காலில்தான்
காடு காடாக வந்தது.
முதல் ஆளை ஸ்பிரிட்டில் கழுவி
மறுபடி உடுத்தினேன்.

ஆறாவது ஆளுக்கு மேலே அதே சட்டை.
கீழே பழைய மாதிரி,
எம் தொண்ணூற்றொன்று:
பெரிய, உருண்ட, சோம்பேறித் திட்டுகள்.
பலமுறை சலவை கண்ட பச்சை அது,
எந்தப் புட்டியிலும் வருவதில்லை.
சாம்பல் ஒரு சொட்டு, மஞ்சள் அரைச் சொட்டு,
காப்பி குடிப்பவர் பல்லுக்கு
நான் கலக்கும் நிறத்தை நினைத்துக்கொண்டு
இன்னொரு சொட்டு.

செவ்வாய்க்கிழமை, நூலகத்து அடித்தளம்.
வெய்யோ ரைசானென்
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர்.
லென்ஸை மடக்கினார்.
“ஹில்லெவி, ஒரே படை, ஒரே நாள்,
இரண்டு மாதிரியா?”
கோப்பைத் திறந்தார்.
எந்த ஆண்டு எந்தத் துணி,
எந்தப் பையில் எத்தனை பொத்தான்,
பிளாஸ்டிக் உறையில் வரிசையாக.
“நடுவர் மதிப்பெண்ணை வெட்டுவார்.”

நான் அங்கே இருந்தேன், வெய்யோ.
மறுபயிற்சி, நவம்பர், காயானிக்கு வடக்கே.
வரிசையில் எனக்கு முன்னால் யார்க்கோ.
உடுப்பு ஜன்னலில் இருந்தவர்
அவன் இடுப்பை ஒரு பார்வை பார்த்து
“உன் அளவில் புதுசு தீர்ந்துபோச்சு” என்று
ஒரு பழையதைத் தள்ளிவிட்டார்.
ஐந்து நாளும் அது அவனுக்குக் கவட்டையில் பிடித்தது.
சூப்புக்கு வரும்போதெல்லாம்
வாத்து நடை.

“அப்படியானால் ஒரு சீட்டு எழுதி ஒட்டு.”
மாட்டேன் என்றேன்.
பல்லுக்குச் சீட்டு ஒட்டுவது உண்டா?
அவர் கோப்பை மூடினார்.
கோபம் இல்லை, ஆனால் அன்று
பிஸ்கட்டை என் பக்கம் நகர்த்தவில்லை.

போட்டி, பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்.
நடுவர் இரண்டு மதிப்பெண் வெட்டினார்;
காரணம்: சீருடையில் முரண்.
மேலே சட்டைக்காரர் மூன்று பேரின்
பச்சையையும் பாராட்டியிருந்தார்.

பிற்பகலில்,
பனிவாரும் கம்பெனியின் ஆரஞ்சுக் கோட்டில் ஒருவன்,
கையில் ஒரு பிள்ளை, தோளில் ஒன்று.
மேசைமேல் குனிந்தான்.
முகங்களை அவன் பார்க்கவில்லை;
அங்கே முகம் என்பது இரண்டு புள்ளி, ஒரு நிழல்.
அண்டாவைப் பார்த்தான்.
வரிசையைப் பார்த்தான்.
கடைசி ஆளிடம் வந்ததும்
பிள்ளையின் கையை விட்டான்.

“அட சனியனே, அந்தக் கால்சட்டை!”

அவன் வலக்கை
தானாகக் கீழே போய்
இல்லாத மடிப்பைத் தொடையிலிருந்து இழுத்துவிட்டது.

நான் இரண்டடி தூரத்தில் நின்றேன்,
சாம்பல் ஸ்வெட்டரில், சாம்பல் சுவரோரம்.
நிமிர்ந்தவன் என்னை ஒரு கணம் பார்த்தான்.
பிறகு காப்பி எந்தப் பக்கம் கிடைக்கும் என்று
என்னிடமே கேட்டான்.